ரொக்கத்துக்குச் செய்த வேலை: சட்டப் பள்ளி விண்ணப்பத்தில் எழுதுவதா, விடுவதா?

அமெரிக்காவில் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, வேலை விவரம் கேட்கும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கல்லூரியில் இரண்டு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருந்தேன். மாதக் கடைசியில் கையில் ரொக்கம், ரசீது கிடையாது, வரிக் கணக்கிலும் காட்டவில்லை. எழுதாமல் விடலாம், இல்லையென்றால் வரியைச் சரிசெய்துவிட்டு எழுதலாம். நான் எழுதினேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

விடுவதில் உள்ள வசதி தெரிந்ததுதான்: செலவில்லை, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. படிவம் முக்கியமான வேலைகளை மட்டும் கேட்டால் விடுவது பொய்யும் ஆகாது, அதனால் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். 'எல்லா வேலையும்' என்று கேட்டிருந்தால் கதை வேறு.

என்னை முடிவெடுக்க வைத்தது மூன்று வருடம் கழித்து, வழக்கறிஞராகத் தொழில் செய்ய அனுமதி கேட்டுப் போடும் பார் விண்ணப்பம். கேரக்டர் அண்ட் ஃபிட்னஸ் என்று நம் நடத்தையைத் தோண்டுவார்கள், பழைய வேலைகளை மறுபடி கேட்பார்கள், பல மாநிலங்களில் சட்டப் பள்ளிக்குக் கொடுத்த விண்ணப்பத்தையும் வாங்கி ஒப்பிடுவார்கள். டியூஷன் எடுத்ததற்காக யாரும் தடுக்கப் போவதில்லை. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லையென்றால் ஏன் மறைத்தாய் என்பதுதான் கேள்வியாகும், அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது.

அதனால் முதலில் வரி. சொந்தமாகச் சம்பாதித்ததில் செலவு போக வருடத்துக்கு 400 டாலர் தொட்டாலே கணக்குக் காட்ட வேண்டும், சுயதொழில் வரி 15.3 சதவீதம். பழைய டைரியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே பென்சிலால் டிக் போட்டிருந்தேன், இரண்டு ராத்திரி உட்கார்ந்து அவற்றை எண்ணி, சொந்தத் தொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி படிவத்தை நிரப்பி, பழைய வரிக் கணக்கைத் திருத்தும் 1040-எக்ஸ் படிவத்தை வருடத்துக்கு ஒன்றாக அனுப்பினேன். வட்டியோடு கட்டியது வலித்தது. அப்புறம் விண்ணப்பத்தில் 'தனி டியூஷன், கணிதம், வாரம் 6 மணி நேரம்' என்று ஒரே வரி. ரொக்கமா என்று படிவம் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஒரு முதலாளியிடம் ரொக்கத்துக்கு வேலை பார்த்திருந்தால் அவருக்கும் வரிச் சிக்கல் உண்டு, அவர் பெயரை எழுதும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாணவர் விசாவில் அனுமதி இல்லாமல் செய்த வேலை என்றால் நான் சொன்ன எதையும் பின்பற்றாதீர்கள். வரித் திருத்தம் உட்பட எதிலும் கை வைக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மருத்துவப் பள்ளிப் பக்கம் நான் போனதில்லை. ஆம்காஸ் என்ற மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பப் படிவத்தில் அதிகபட்சம் 15 அனுபவங்கள்தான், எதைப் போடுவது என்பது நம் விருப்பம், அதனால் அங்கே நெருக்கடி குறைவு என்றே நினைக்கிறேன்.

எழுதாமல் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லி சேர்க்கை அலுவலகத்துக்கு இப்போதே நாலு வரி எழுதி, அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.