கடலோர ஊருக்கு எந்த கேபினட்: டிஃபைன் 7, மெஷிஃபை 2, டாரெண்ட்

கல்யாண வீடியோ எடிட்டிங், கட்டட 3டி ரெண்டரிங் என்று நாள் முழுக்க ஓடப்போகிற கம்ப்யூட்டருக்கு, ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் கேபினட்டை மட்டும் கடைசி நாளில், லைட் எத்தனை கலரில் எரிகிறது என்று பார்த்து முடித்துவிடுகிறார்கள். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். தூசியோடு போர்டில் படிந்த உப்புக்கும் அதே கதைதான். அதனால் காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, அந்த வழியில் ஃபில்டர் இருக்கிறதா, அதைச் சுலபமாகக் கழற்றிக் கழுவ முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் 2020-ல் கொண்டுவந்த டிஃபைன் 7, மெஷிஃபை 2 இரண்டுக்கும் எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். முகம்தான் வேறு. டிஃபைனின் முன்கதவு சத்தத்தை விழுங்கும் பட்டை ஒட்டிய முழுத் தகடு. காற்று ஓர இடுக்குகள் வழியாகத்தான் நுழையும். மெஷிஃபையில் முன்பக்கம் முழுக்க வலை, அதன் பின்னால் கழற்றக்கூடிய நைலான் ஃபில்டர். இரண்டிலும் 140 மி.மீ. ஃபேன் மூன்று வருகின்றன: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

ஏசி ஓடும் அறையில் குரல் பதிவு, பாட்டு மிக்சிங் செய்பவருக்கு டிஃபைன் நல்ல பெட்டி. ஏசி இல்லாத அறையில், கத்திரி வெயிலில், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட விடுபவருக்கு அந்த மூடிய முகம் பாரம். உள்ளே சூடு ஏற ஏற ஃபேன்கள் வேகமெடுக்கும், அப்புறம் அமைதி எங்கே? அதே எலும்புக்கூட்டைக் காற்றோட்டத்தோடு தருவதால் நம் பக்கத்துக்கு மெஷிஃபைதான் சரி.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சீசன் முடிந்தால் ஹார்ட் டிஸ்க்குகள் குவியும். கூடுதல் தட்டு வாங்கிப் போட்டால் இந்த இரண்டு கேபினட்டிலும் 14 டிஸ்க் வரை அடுக்கலாம். ஆனால் டிஸ்க் அடுக்கும் அமைப்புக்கு மாற்றினால் கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது 315 மி.மீ. நீளம்தான். ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டில் என்விடியாவின் சொந்தக் கார்டு 304 மி.மீ., நுழைந்துவிடும். மற்ற கம்பெனிகளின் மூன்று ஃபேன் கார்டுகள் பல 340-ஐத் தாண்டும், அவை நுழையாது. டேப்பை எடுத்து அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதே ஃப்ராக்டலிடமிருந்து 2021-ல் வந்த டாரெண்ட் வேறு ஜாதி. முன்னால் 180 மி.மீ. ஃபேன் இரண்டு, அடியில் 140 மி.மீ. மூன்று, ஐந்துமே காற்றை உள்ளே தள்ளுபவை. உள்ளே அழுத்தம் கூடுவதால் ஃபில்டர் இல்லாத சந்துகளில் காற்று வெளியே போகுமே தவிரத் தூசியை இழுத்துக்கொண்டு வராது. கடலோரத்துக்கு இதைவிட நல்ல அமைப்பு மூன்றில் இல்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல்தட்டில் உட்காருகிறது; 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும். அதற்காக கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். 305-க்கு 330 மி.மீ. அளவுள்ள பெரிய ஒர்க்ஸ்டேஷன் மதர்போர்டும் இதில் மாட்டலாம், மற்ற இரண்டிலும் 285 மி.மீ. அகலத்தோடு சரி. குறை, டிஸ்க்குதான்: பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கே இடம். ரெண்டரிங் மட்டும் செய்பவர் இதை எடுக்கலாம். வீடியோக்காரர் தனியாக நாஸ் பெட்டி (டிஸ்க்குகளை அடுக்கி நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பட்ஜெட் இறுக்கமென்றால் லயன் லியின் லான்கூல் 216. முன்னால் 160 மி.மீ. ஃபேன் இரண்டு, காற்றோட்டத்தில் சோடை போகாது. ஆனால் டிஸ்க் கணக்கில் மெஷிஃபை பக்கத்தில் நிற்காது.

மெஷிஃபை எடுப்பவர் முன்பக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு 140 மி.மீ. ஃபேனும் சேர்த்து வாங்கிவிடலாம், பின்னால் ஒன்றே போதும். ஃபில்டரை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்க உலர்ந்த பிறகே மாட்டுங்கள். இந்த மூன்றிலும் கண்ணாடி இல்லாத முழுத் தகடு வகை உண்டு. சென்னை ரிட்சி தெருவில் வாங்கி ஈசிஆர் பஸ்ஸில் கொண்டுவருபவர்கள், கண்ணாடி உடையும் பயம் இல்லாமலிருக்க அதையே கேட்டு வாங்குங்கள்.