லாரி பட்டையா, பழைய அரமா, பேரிங் ரிங்கா: முதல் கத்திக்கு எதை எடுக்கலாம்?

கத்தி அடிச்சு பழகணும்னு கிளம்புறவன் முதல்ல போய் நிக்கிற இடம் பழைய இரும்பு கடைதான். அங்க போனதும் எதை எடுக்கிறதுன்னு தெரியாம குப்பைமேட்ட கோழி கிளர்ற மாதிரி கிளறிட்டு நிப்போம், லாரி பட்டை (சக்கரத்துக்கு மேல அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்த ஸ்பிரிங் பட்டை) கிடக்கும், தேஞ்ச அரம் கிடக்கும், பேரிங் கிடக்கும், கம்பி துண்டு கிடக்கும், எல்லாம் இரும்புதானேன்னு கைக்கு வந்தத தூக்கிட்டு வந்துருவோம். நானும் அப்படித்தான் வந்தேன். எங்களுக்கு நாமக்கல் பக்கம், லாரி பட்டைக்கு பஞ்சமே இல்லாத ஊரு, பாடி கட்டுற ஷெட்டு, பட்டை வேலை பாக்குற ஷெட்டுன்னு ரோட்டோரம் பூரா இருக்கும், அப்படி இருந்தும் அதை விட்டுட்டு அரத்தை எடுத்து முதல் கத்திய உடைச்சவன் நான். அதனால இதுல கொஞ்சம் பட்டை பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், இப்பவே சொல்லிடுறேன்.

முதல்ல கம்பிய கழிச்சு விட்டுடலாம். டிஎம்டி கம்பி சும்மாவே கிடைக்குதே, உறுதி உறுதின்னு சுவத்துல எல்லாம் எழுதி வச்சிருக்கானே, அதுல பண்ணா என்னன்னு நிறைய பேர் கேக்குறாங்க. வீடு கட்டுற 500 கிரேடு கம்பில கார்பன் 0.30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஐஎஸ் 1786 தரவிதியே இருக்கு. அதோட உறுதியில பெரும்பங்கு ஆலைல சூடா ஓடி வரும்போதே தண்ணி அடிச்சு மேல்தோல இறுக வச்சதுல வந்தது, நாம உலைல போட்டு சிவக்க வச்சா அந்த உறுதியும் காலி. கொக்கி, குறடு, சுவத்தாணி பண்ணி சுத்தியல் பழகுறதுக்கு அருமையான சரக்கு. கத்திக்கு ஆகாது.

மிச்சம் மூணையும் எடைபோட ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், கார்பன் கூட இருந்தா வாய் கூர்மையா நிக்கும், ஆனா தோய்ச்சல் போடும்போது, அதாவது சிவக்க காய்ச்சி தண்ணிலயோ எண்ணெய்லயோ முக்கி இறுக வைக்கும்போது, நாம பண்ற தப்ப மன்னிக்காது. லாரி பட்டைல கார்பன் 0.5ல இருந்து 0.6 சதவீதம் வாக்குல, கூடவே சிலிக்கன் மாங்கனீசு, இல்லன்னா குரோமியம். நல்ல அரத்துல 1 சதவீதத்துக்கு மேல. பேரிங் ரிங்குல 1 சதவீதம், அதோட ஒன்றரை சதவீதம் குரோமியம். பேப்பர்ல பாத்தா பேரிங்தான் ராஜா, பட்டை கடைசி பெஞ்ச். ஆனா நம்ம செங்கல் உலைல, கண்ணால கலர் பாத்து வேலை செய்யும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழா மாறிடுது.

அரம் கதைய சொல்லிடுறேன். பன்னெண்டு இஞ்ச் அரம், பல்லு தேஞ்சது, பழைய நல்ல அரம். சிவக்க வச்சு சாம்பல்ல ராத்திரி பூரா புதைச்சு வச்சேன், காலைல எடுத்தா மெத்துனு ராவ வந்துச்சு, அதுவரைக்கும் சரி. அப்புறம் பல்ல முழுசா ராவி எடுக்காம அப்படியே அடிச்சேன், பாக்க பாம்புத்தோல் மாதிரி அழகா இருக்கும்னு ஒரு ஆசை. தப்பு அங்கதான் ஆரம்பிச்சது, ஒவ்வொரு பல்லோட பள்ளமும் அடில மடிஞ்சு உள்ள ஒரு கீறலா உக்காந்துக்குது. தோய்ச்சலுக்கு வாளில தண்ணி வச்சிருந்தேன், செக்கச்செவேல்னு இருந்தத உள்ள விட்டேன், ரெண்டு செகண்டுல "டிக்"னு ஒரு சத்தம், கண்ணாடி டம்ளர்ல வென்னி ஊத்துனா வருமே அதே சத்தம். வெளிய எடுத்தா வாய்ல இருந்து நடு வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு. தரைல தட்டுனேன், ரெண்டா போச்சு. உடைஞ்ச இடத்துல பாத்தா சர்க்கரை கொட்டி வச்ச மாதிரி மினுமினுனு பெரிய பெரிய மணி. அது சூடு கூடிப்போனதுக்கு அடையாளம், சரியான சூட்டுல போயிருந்தா உடைஞ்ச முகம் சாம்பல் நிறத்துல பட்டு மாதிரி இருக்கணும். இது தெரிஞ்சது அப்புறமா.

அதுக்காக அரம் மோசம்னு சொல்லல, அரத்தை உலைலயே போடாம கத்தி பண்ணலாம், அதுதான் அதோட பலமே. அது ஏற்கனவே தோய்ச்சல் போட்டு இறுகி இருக்கு, கொஞ்சம் ஓவரா இறுகி இருக்கு, அவ்வளவுதான். கேக் சுடுற ஓடிஜி அடுப்புல 200 டிகிரில ஒரு மணிநேரம், ஆறவிட்டு இன்னொரு மணிநேரம் வச்சா அந்த நொறுங்குற குணம் குறையும், அப்புறம் ஏஜி4 மெஷின்ல (நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர்) தேய்ச்சு வடிவம் கொண்டு வரலாம். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணில முக்கணும், வெறுங்கையால பிடிச்சே தேய்ங்க, கை சுட்டா நிறுத்துங்க. விளிம்புல நீலம் ஓடிச்சுன்னா அந்த இடம் செத்துப்போச்சு, அதை தாண்டி உள்ள ராவணும். உலை இல்லாம இந்த வாரமே ஒரு கத்தி வேணும்னா அரத்த அடிச்சுக்க ஆளே இல்ல. ஒண்ணு மட்டும், மலிவான அரத்துல சிலதுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ள சாதா இரும்பு. முனைய ஒடிச்சு பாத்தா ஓரம் ஒரு மாதிரியும் நடு வேற மாதிரியும் தெரியும், அப்படி இருந்தா தூக்கி போடுங்க.

இதே ரகத்துல மிஷின் பிளேடும் வரும், லேத் பட்டறைல இரும்பு அறுக்குற பெரிய பவர் ஹாக்சா பிளேடு. முழுசா ஹைஸ்பீடு ஸ்டீலா இருந்தா தேய்க்கும்போது சூடு ஏறுனாலும் லேசுல பதம் போகாது. ஆனா கைப்பிடிக்கு ஓட்டை போட முடியாம டிரில் பிட்டு ஒவ்வொண்ணா ஒடியும், கீழ விழுந்தா முனை போகும், சுத்தியலுக்கு அங்க வேலையே இல்ல. புதுசா வர்ற பிளேடுல பல்லு ஓரம் மட்டும்தான் அந்த ஸ்டீல், மிச்சம் வேற. அதனால நமக்கு வேண்டாம்.

இப்ப பட்டைக்கு வருவோம். கிராமத்து ஆசாரிங்க அருவாளுக்கு காலங்காலமா லாரி பட்டைய தேடி எடுக்குறது சும்மா இல்ல. கார்பன் நடுத்தரம், எண்ணெய்ல விட்டாலே இறுகிடும், சூடு கொஞ்சம் முன்னபின்ன போனாலும் உடையாது, அடி தாங்கும். குறைன்னு பாத்தா தடிமன். லாரி பட்டை விரல் மொத்தம் இருக்கும், ஒத்தை ஆளா ஒரு கிலோ சுத்தியல வச்சுகிட்டு அதை கத்தி அளவுக்கு இறக்குறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுரும், நான் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அடிச்சு பாதிகூட இறங்கல. அதனால சின்ன யானை, ஜீப்பு மாதிரி சின்ன வண்டியோட மெல்லிசு பட்டையா கேட்டு வாங்குங்க, இல்லன்னா கட்டிங் வீல்ல நீளவாக்குல கீறி ஒல்லியா எடுத்துக்குங்க.

பழைய பட்டைல இன்னொரு வம்பு இருக்கு, வருஷக்கணக்கா குலுங்கி குலுங்கி கண்ணுக்கு தெரியாத விரிசல் விழுந்திருக்கும். இதுக்கு பட்டை ஷெட்டுல ஒருத்தர் காட்டுன வழி எனக்கு ரொம்ப பிடிச்சது. துருவ உப்புத்தாள் போட்டு தேய்ச்சுட்டு மண்ணெண்ணெய் தடவி கால்மணி நேரம் விடணும், துணில நல்லா துடைச்சுட்டு சாக்பீஸ் பொடிய தூவணும். விரிசல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் மெதுவா வெளிய கசிஞ்சு வெள்ளை பொடில ஈரக்கோடா தெரியும். நான் வாங்குன முதல் துண்டுல நடு போல்ட் ஓட்டைய சுத்தி மூணு கோடு, அந்த பகுதிய வெட்டி தூரப்போட்டேன்.

பேரிங் ரிங்க ஒரே பத்தில முடிச்சிடலாம். வெட்டி நிமித்துறதே ஒரு போராட்டம், சுத்தியலுக்கு கீழ பட்டைய விட முரடா நிக்கும், சூடு குறைஞ்சப்புறம் அடிச்சா வெடிக்கும். அதை விட முக்கியம், தோய்ச்சலுக்கு முன்னாடி ஒரே சூட்டுல, 840 டிகிரி வாக்குல, சில நிமிஷம் ஆடாம அசையாம நிக்க வைக்கணும், அப்பதான் உள்ள இருக்கிற கார்பன் சரியா கரையும். கரி உலைல அது நடக்கவே நடக்காது. பத்து கத்தி அடிச்சப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்து நெருப்பு, கரியா கேஸா. கேஸ் உலை சுத்தம், திருகுனா எரியும், சூடு ஒரே சீரா இருக்கும், இதெல்லாம் உண்மைதான். ஆனா சமையல் சிலிண்டர் ரெகுலேட்டர்ல வர்ற பிரஷர் அடுப்புக்கு மட்டும்தான் போதும், உலை பர்னருக்கு ஹை பிரஷர் ரெகுலேட்டர் தனியா வேணும், வீட்டு 14.2 கிலோ சிலிண்டர சமையல் தவிர வேற எதுக்கும் எடுக்கக்கூடாதுன்னு சட்டமும் இருக்கு, 19 கிலோ கடை சிலிண்டர்தான் வாங்கணும். உள்ள பூச செராமிக் கம்பளி வேற. பழகுறதுக்கு முன்னாடியே கை கடிச்சிடும்.

கரின்னா சீமைக்கருவேல் கரி, ராமநாதபுரம், சிவகங்கை பக்கமிருந்து மூட்டை மூட்டையா வருது, நல்லா எரியும், நிலக்கரி மாதிரி கந்தகப் புகை கிடையாது. பழைய பிரேக் டிரம், அடில ஒரு ஜிஐ பைப்பு, காத்துக்கு ஹேர் டிரையர், உலை ரெடி. அந்த ஜிஐ பைப்பு நெருப்ப தொடுற இடத்துல இருக்கக்கூடாது, மேல பூசுன துத்தநாகம் ஆவியாகி மூச்சுல போனா ராத்திரி குளிர் காய்ச்சல்ல படுக்கணும். ஹேர் டிரையர்ல காத்து எப்பவும் அதிகம், வாய்ல பாதிய அட்டை வச்சு மூடுங்க. காத்து கூடுனா பட்டைல இருந்து கம்பி மத்தாப்பு மாதிரி வெள்ளைப்பொறி தெறிக்கும், பாக்க அழகா இருக்கும், அது உங்க இரும்பேதான் எரிஞ்சு போறது. கரில எனக்கு பிடிச்சது இந்த கஷ்டம்தான், சாயங்கால இருட்டுல கலர் பாத்து பாத்து கண்ணு பழகிடும். கேஸ்ல ஆரம்பிச்ச என் சிநேகிதன் ஒருத்தனுக்கு இன்னும் காந்தம் இல்லாம சூடு சொல்லத் தெரியாது. (காந்தம் ஒட்டாம போறது கிட்டத்தட்ட 770 டிகிரில, பட்டைக்கு அதுக்கு மேல இன்னும் ஒரு சாயல் சிவக்க விடணும்.)

அடைகல்லுக்கு (இரும்ப மேல வச்சு அடிக்கிற கட்டை) தண்டவாளத் துண்டு தேடாதீங்க, ரசீது இல்லாத ரயில்வே சொத்து கைல இருந்தா 1966ஆம் வருஷ சட்டத்துல கேஸ் ஆகும், கடைக்காரன் கழண்டுக்குவான் நாம மாட்டுவோம். பெரிய சம்மட்டி தலைய புளியங்கட்டைல பாதி இறக்கி நட்டு வச்சா கத்தி வேலைக்கு தாராளம்.

தோய்ச்சலுக்கு தண்ணியா எண்ணெய்யாங்கிறதுல எங்க ஊர் ஆசாரிகிட்ட நான் தோத்தேன். பலகாரம் சுட்ட கடலெண்ணெய்ய இரும்பு டின்ல ஊத்தி, காய்ச்சுன கம்பிய விட்டு கை பொறுக்காத சூட்டுக்கு கொண்டு வந்து அதுலதான் நான் விடுவேன், வண்டி கழிவு ஆயில் புகை நாசம், பிளாஸ்டிக் வாளி கிட்டயே வரக்கூடாது, தீ பிடிச்சா மூட ஒரு தட்டு பக்கத்துல. அவரு என்னடான்னா தண்ணிலயே போடுறாரு, உடையவும் இல்ல. எப்படிங்கன்னு கேட்டேன்.

"முழுசா முக்குனா பல்லிளிச்சுரும் தம்பி. வாய மட்டும் காட்டு, முதுகு சூடு அப்படியே இருக்கட்டும்."

வாய மட்டும் தண்ணில இழுத்து எடுத்தாரு, ஓட்டுச்சில்லால கருப்ப சுரண்டுனாரு, முதுகு சூடு மெல்ல இறங்கி வர வர வெள்ளையா இருந்த இடத்துல வைக்கோல் மஞ்சள் ஓடுச்சு, அது வாய்க்கு வந்து சேர்ந்த நொடில மறுபடி முக்கி நிறுத்திட்டாரு. தோய்ச்சல், பதம் (ஓவரா இறுகுனத சூட்டுல கொஞ்சம் தளர்த்துறது) ரெண்டும் ஒரே சூட்டுல முடிஞ்சது, ஓடிஜி கீடிஜி ஒண்ணும் இல்ல. நான் அதே மாதிரி மூணு தரம் முயற்சி பண்ணேன், மூணு தரமும் மஞ்சள் தாண்டி நீலத்துக்கு போயிருச்சு. அந்த கைப்பழக்கம் வர்ற வரைக்கும் எண்ணெய், அப்புறம் ஓடிஜில 200 டிகிரி ரெண்டு தரம், இதுதான் எனக்கு ஒத்து வருது.

அளவு விஷயத்துல ஒண்ணு, வீட்டு வேலை, விவசாய வேலைக்குன்னு இல்லாம 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா ஆயுதச் சட்டக் கணக்குல வந்துரும். சமையல் கத்தியா பண்ணுங்க, வம்பே இல்ல.

பட்டைல பண்ண என் ரெண்டாவது கத்தி உடையல, தக்காளியும் வெட்டுது. ஆசாரிகிட்ட கொண்டு போய் பெருமையா நீட்டுனேன், வாய நகத்துல வச்சு பாத்தாரு, தலையாட்டுனாரு, அப்புறம் முதுக விரல்ல பிடிச்சு பாத்து சிரிச்சாரு. "வாய் நல்லா வந்திருக்கு தம்பி, ஆனா முதுகு இவ்வளவு மொத்தம் இருந்தா வாழைத்தண்டு நறுக்காது, ஆப்பு மாதிரி பொளக்கும்." அஞ்சு மில்லி இருந்துச்சு. இப்ப மூணரைக்கு வந்திருக்கு, இன்னும் ராவிட்டு இருக்கேன்.