மலையேற்றம், குதிரைச் சவாரி என்று முன்பணம் கேட்டால் வனத்துறை அனுமதியை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து வார இறுதியில் குழுவாக மலைக்குப் போக நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். தேனி மாவட்டத்துக் கும்பக்கரை அருவியிலிருந்து வெள்ளகெவி மலைக்கிராமத்துக்கு மலையேற்றம், மேலே குதிரைச் சவாரி, இரவு கூடாரத்தில் தங்கல், ஆளுக்கு 4,500 ரூபாய் என்று விளம்பரம் செய்த ஓர் ஏற்பாட்டாளர் எங்கள் குடும்பங்களை ஏமாற்றிவிட்டார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

அனுமதி பற்றித்தான் முதலில் கேட்டோம். “ரேஞ்சர் ஆபீசில் வாங்கியாகிவிட்டது அண்ணே” என்று சொல்லி, ஒரு கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. மேல்பகுதி மட்டும் படத்தில் இல்லை. கும்பக்கரை வாசலில் அதைப் பார்த்த வனக்காவலர், “இது வேறு குழுவுக்கு, வேறு பாதைக்குக் கொடுத்தது. அருவிக்கு வேண்டுமானால் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் விட முடியாது” என்றார். வழிகாட்டியாக வந்த பையன் போனில் பேசிவிட்டு வந்து, தோப்பு வழியாகச் சுற்றினால் வாசலுக்குத் தெரியாமல் ஏறிவிடலாம் என்று எங்களிடம் மெல்லச் சொன்னான்.

அது மார்ச் மாதம். புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. இதே தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். தீக்காயங்களோடு பலரை மதுரைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இந்த ஊரில் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்ததும் அதன் பிறகுதான். எல்லாம் தெரிந்தும், சிறுபிள்ளைகளை அந்தக் காட்டுக்குள் திருட்டு வழியில் ஏற்றத் துணிந்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. நாங்கள் மறுத்துவிட்டோம்.

பிறகு பெரியகுளம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குக் கூட்டிப்போய், குதிரைச் சவாரி இங்கேயே என்றார்கள். இரண்டு மட்டக்குதிரைகள் நின்றன. மூட்டை சுமக்கிற குதிரைகள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒன்றின் முதுகில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் சேணம் வைத்திருந்தார்கள். சாக்கைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்குப் புண், ஈ மொய்க்கிறது. புண்பட்டு வேலைக்குத் தகாத நிலையில் இருக்கும் விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் குதிரையில் யாரும் ஏறவில்லை. மற்றதில் எங்கள் மதினி ஏறினார். “ஒன்றும் செய்யாது அக்கா, பழகின குதிரை” என்றான் பிடித்து வந்தவன். குதிரை ஒன்றும் செய்யவில்லைதான். வயிற்று வாரில் அறுந்த இடத்தைச் சணல் கயிற்றால் முடிந்திருந்தார்கள், அது அவிழ்ந்துகொண்டது. சேணத்தோடு சரிந்து விழுந்ததில் மதினிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தலைக்கவசம் கிடையாது. முதலுதவிப் பெட்டி கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் வேன் ஓட்டுநர்தான் துண்டால் கையைக் கட்டித் தூக்கி, மருத்துவமனைக்கு விரட்டிக்கொண்டு போனார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “வானிலை காரணமாக இடம் மாறலாம் என்று விதியில் இருக்கிறதே” என்கிறார் ஏற்பாட்டாளர். அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

யாரிடம் பணம் கட்டினாலும், அனுமதிக் கடிதத்தில் உங்கள் குழுவின் பெயர், பாதை, தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கான அனுமதி அல்ல. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் 40 பாதைகளுக்கு நேரடியாகவே முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் ஒருவர் “நான் கூட்டிப்போகிறேன்” என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சவாரி என்றால் ஏறும் முன் சேணத்தைத் தூக்கிக் குதிரையின் முதுகைப் பாருங்கள், வயிற்று வாரை இழுத்துப் பாருங்கள். காட்ட மறுத்தால் ஏறாதீர்கள்.

நாங்கள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இப்படி ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.