ரிக்டரின் சோஃபியா கச்சேரி சிடி: இருமலோடு சேர்த்து வாங்குங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பியானோ மேதை ரிக்டரின் இந்த சிடியில் ஜனங்கள் இருமுகிறார்கள். ஒருவர் இருவர் இல்லை, அரங்கம் முழுக்க, முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை. 1958 பிப்ரவரி 25, பல்கேரியாவின் தலைநகர் சோஃபியா, குளிர்காலம். பழைய மோனோ பதிவு, அதாவது இடது வலது பிரிவு இல்லாத ஒற்றை ஒலி, மேலே லேசான இரைச்சல் வேறு. இதைக் காரணம் காட்டி இரண்டு நட்சத்திரம் போட்டவர்களை இணையத்தில் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என் கணக்கில் இது ஐந்துக்கு ஐந்து. பியானோ சிடி ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள்.

என் மகள் பெரம்பூரில் ஒரு மிஸ்ஸிடம் கீபோர்டு கற்கிறாள், கிரேடு தேர்வுக்காக. ஒருநாள் அவளைக் கூப்பிடப் போனபோது அந்த மிஸ், "சார், ரிக்டர் கேட்டிருக்கீங்களா? சோஃபியாவுல வாசிச்சது. வீட்ல போட்டு விடுங்க, பாப்பா தானா கேப்பா" என்றார். சரி என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். வந்தது வேறு யாரோ வாசித்த வேறு சிடி. திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதற்குள் மூன்று வாரம். அப்புறம் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு சிடியும் போட்டு வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் சொல்லி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது. பிலிப்ஸ் வெளியீடு, டப்பாவின் ஒரு காது உடைந்திருந்தது, உள்ளே இருக்க வேண்டிய சின்னப் புத்தகம் இல்லை, தட்டில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. 250 ரூபாய்.

வாசித்தவரைப் பற்றிச் சொன்னால்தான் இது என்ன கச்சேரி என்று புரியும். ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் 1915-ல் ஜிதோமிரில் பிறந்தவர், அது அப்போது ரஷ்யப் பேரரசு, இப்போது உக்ரைன். வளர்ந்தது ஒடெசா துறைமுகத்தில். அப்பா ஜெர்மன் வம்சாவளி, பியானோவும் ஆர்கனும் வாசிப்பவர். ஆனால் பையன் முறையான பாடம் என்று பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. கையில் கிடைத்த ஆபரா, அதாவது பாட்டு நாடக, இசைப்பிரதிகளைப் பியானோவில் வாசித்துப் பார்த்தே வளர்ந்தார், பதின்வயதிலேயே ஒடெசா ஆபரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசிக்கும் வேலைக்குப் போய்விட்டார். 22 வயதில், 1937-ல், மாஸ்கோவுக்குப் போய் அங்கே இசைக் கல்லூரியில் பியானோ ஆசிரியராக இருந்த ஹைன்ரிக் நெய்காவுஸ் முன்னால் உட்கார்ந்து வாசித்தார். வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு மாணவனுக்காகத்தான் காத்திருந்தேன் என்று அந்த ஆசிரியர் பிறகு எழுதினார். தங்க இடமில்லாமல் ஆசிரியர் வீட்டுப் பியானோவுக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறார் ரிக்டர். அரசியல் வகுப்புகளுக்குப் போகாததால் கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பினார்கள், நெய்காவுஸ் தான் திரும்பச் சேர்த்துவிட்டார்.

1941-ல் அவருடைய அப்பாவை ஜெர்மன் உளவாளி என்று சந்தேகப்பட்டு சோவியத் அரசாங்கம் ஒடெசாவில் சுட்டுக் கொன்றது. போரின்போது அம்மா ஜெர்மனிக்குப் போய்விட்டார். மகன் அம்மாவை மறுபடி பார்த்தது 1960-ல், அதுவும் அமெரிக்காவில். இத்தனைக்கும் நடுவில் 1953-ல் ஸ்டாலின் இறந்தபோது, திபிலிசியில் இருந்தவரை மலர்வளையங்கள் நிரம்பிய விமானத்தில் ஏற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் அஞ்சலியில் வாசிக்க வைத்தார்கள். அப்பாவை அந்த அரசாங்கம் சுட்டது, அந்த அரசாங்கத்தின் தலைவருடைய உடல் கிடந்த மண்டபத்தில் மகன் வாசிக்கிறார். இதை நினைக்காமல் என்னால் இந்த சிடியைக் கேட்க முடியவில்லை.

1960 வரை மேற்கு நாடுகளுக்கு அவரை அனுப்பவே இல்லை. 1955-ல் அமெரிக்கா போன பியானோக் கலைஞர் எமில் கிலெல்ஸ், அவரும் நெய்காவுஸின் மாணவர்தான், ஊரே தன்னைப் புகழ்ந்தபோது, ரிக்டரைக் கேட்கும்வரை பொறுங்கள் என்று சொன்னாராம். அவர்கள் காத்திருந்த காலத்தில்தான் சோஃபியாவில் இந்தக் கச்சேரி. ரிக்டருக்கு அப்போது 42 வயது.

சிடியில் முதலில் வருவது ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் ஓவியங்கள்'. ஹார்ட்மன் என்ற ஓவிய நண்பர் 39 வயதில் செத்துப்போக, அவருடைய படங்களை வைத்து நடந்த கண்காட்சியைப் பார்த்துவிட்டு 1874-ல் எழுதியது. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்து போவதற்கும் ஒரு மெட்டு உண்டு. ரிக்டர் அந்த நடையைச் சோகமாக ஆரம்பிப்பதில்லை, சிங்காரிப்பதும் இல்லை, வேலைக்குப் போகிற ஆள் வேகத்தில் நடக்கிறார்.

மாட்டு வண்டிப் படம் ஒன்று வரும். முசோர்க்ஸ்கி இறந்த பிறகு 1886-ல் நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்தி வெளியிட்ட பிரதியில், வண்டி தூரத்திலிருந்து சன்னமான சத்தத்தோடு வருவதுபோல் இருக்கும். முசோர்க்ஸ்கி எழுதியது அப்படி இல்லை, எடுத்த எடுப்பிலேயே முழுச் சத்தம், ரிக்டர் அதைத்தான் வாசிக்கிறார். பாரம் ஏற்றிய சக்கரம் நம் காலுக்குப் பக்கத்திலேயே உருளும். இடது கை அந்த இரண்டு இரண்டு அடியை விடாமல் போட்டுக்கொண்டே போகும், காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியோடு வரும் மீன்பாடி வண்டி பாலத்தில் ஏறுகிறபோது மிதிக்கிறவர் முதுகு தெரியுமே, எனக்கு அதுதான் தெரிந்தது.

அப்புறம் பிரான்ஸின் லிமோஜ் ஊர்ச் சந்தை. சந்தையில் பெண்கள் சண்டை போடுகிறார்கள், ஒருத்தர் பேச்சு முடிவதற்குள் இன்னொருத்தர் குரல் மேலே ஏறுகிறது. விடியற்காலை மீன் ஏலத்தில் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ரிக்டர் இதை வாசிக்கும் வேகத்துக்கு மூச்சு விட முடியாது. அந்தச் சத்தம் அப்படியே தலைதெறிக்க ஓடி வந்து, இடைவெளியே இல்லாமல், அடுத்த படமான நிலவறைக் கல்லறையின் முதல் ஸ்வரக்கூட்டில் போய் விழுகிறது. கனமான ஓசை, அது தேய்ந்து தேய்ந்து போகும்வரை அவர் கையை எடுப்பதில்லை. அப்புறம் வலது கை மேலே மெல்ல நடுங்கிக்கொண்டிருக்க, கீழே அந்தப் பழைய நடை மெட்டு இருட்டில் வருகிறது, செத்துப்போன நண்பனோடு பேசுகிற மாதிரி. இருமுகிற அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் இவ்வளவு மெல்லிய ஓசையை எடுக்கிறார், கேட்கிறவர்களை நம்பி.

சில இடங்களில் விரல் தவறுகிறது, உண்மைதான். கடைசியில் வரும் கீவ் பெருவாயிலில் கேட்கும். ஹார்ட்மன் வரைந்து கொடுத்த அந்த வாயில் கடைசிவரை கட்டப்படவே இல்லை, ஆனால் ரிக்டர் வாசித்து முடிக்கும்போது மணிகளோடு அது நிற்கிறது. ஸ்டுடியோவில் வெட்டி ஒட்டியிருந்தால் தப்பு இருந்திருக்காது. அந்த நெருப்பும் இருந்திருக்காது என்பது என் கருத்து.

பின்பாதியில் ஷூபர்ட், ஷோபான், லிஸ்ட் ஆகிய இசையமைப்பாளர்கள் எழுதியவை. ஷூபர்ட்டும் ஷோபானும் அழகு, அதில் சண்டை போட எதுவும் இல்லை. ஆனால் லிஸ்டின் 'ஃபே ஃபோலே' என்ற பயிற்சியைத் தவறவிடாதீர்கள். சதுப்பு நிலத்தில் ராத்திரி அலையும் வெளிச்சம் என்று பொருள், எண்ணூர் கழிமுகப் பக்கம் போகக்கூடாது என்று எங்கள் ஆயா பயமுறுத்துவாரே, அதே கொள்ளிவாய்ப் பிசாசு. வலது கை ஒரே நேரத்தில் இரண்டு இரண்டு ஸ்வரமாக, பொடிப்பொடியாக ஓட வேண்டும். மகளின் மிஸ் இதை எங்களோடு கேட்டுவிட்டு, "இது சத்தமா வாசிச்சாலே கை போயிடும் சார், இவர் சத்தம் எழுப்பாம வாசிக்கிறார் பாருங்க" என்றார். கஷ்டம் வேகத்தில் இல்லை, அந்த வேகத்தில் ஓசையை அடக்கி வைப்பதில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கேட்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள், கீழ் ஸ்வரங்கள் காணாமல் போய்விடும். நான் கேட்பது பழைய பிலிப்ஸ் செட்டில், புதுவண்ணாரப்பேட்டை மாடி வீட்டில், ஜன்னலைச் சாத்தினாலும் ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி ஓடும் தெருவில். மோனோ என்பதால் ஹெட்போனை விட ஒரு நல்ல ஸ்பீக்கரே போதும். சிடி கிடைக்காதவர்கள் யூடியூபில் தேடலாம், இருக்கிறது.

ஒலித்தரம்தான் முக்கியம் என்று இருப்பவர்களுக்கு அவர் வாசித்த, ராக்மனினாஃப் எழுதிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ இருக்கிறது, வார்சா இசைக்குழுவோடு வாசித்தது, பளிச்சென்று இருக்கும். நான் இதற்குத்தான் திரும்பி வருகிறேன். பெரிய அரங்கம், நல்ல அமைதி என்றெல்லாம் எதிர்பார்த்து வாசித்தவர் இல்லை ரிக்டர். 1986-ல், எழுபது தாண்டிய பிறகு, யமஹா பியானோவோடு சைபீரியா பக்கம் கிளம்பி ஆறு மாதத்தில் சுமார் 150 கச்சேரி செய்தார், கச்சேரி அரங்கமே இல்லாத சின்ன ஊர்களிலும்கூட. கடைசிக் காலத்தில் அரங்க விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இசைப்பிரதி மேல் ஒரு சின்ன விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார், ஜனங்கள் தன் முகத்தைப் பார்க்காமல் பாட்டைக் கேட்க வேண்டும் என்று. 1997-ல் மாஸ்கோவில் இறந்தார்.

போன வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்தபோது செட் தானாக முதல் டிராக்கிலிருந்து ஆரம்பித்தது. மகள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, இப்ப ஒருத்தர் இருமுவாரு பாரு" என்றாள். இருமினார். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மாட்டு வண்டி வந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.