இலக்கண ஆப்: நல்லதுதான், ஆனால் தேர்வு முடிந்த பிறகு

சந்தாவைக் குறைத்துவிட்டார்கள், பையனுக்கு வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். ஆங்கில வாக்கியத்தைத் தட்டினால் எது நவுன், எது வெர்ப் என்று சொல்லுக்குச் சொல் நிறம் பூசிக் காட்டுமே, அந்த ஆப். டியூஷனில் அதை வைத்துப் பாடம் நடத்தி வருகிறேன், அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் ஒரு சொல்லுக்கு ஒரே வகைதான் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். 'பேக்' என்றால் முதுகு, நவுன், அவ்வளவுதான். 'மை பேக் ஹர்ட்ஸ்' என்று தட்டச் சொல்வேன், நவுன் நிறம் வரும். 'கம் பேக்' என்றால் அட்வெர்ப், 'தி பேக் டோர்' என்றால் அட்ஜெக்டிவ், 'ஐ வில் பேக் யூ' என்றால் வெர்ப். எழுத்து ஒன்றுகூட மாறாமல் நிறம் மட்டும் மாறுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் 'ஃபாஸ்ட்', 'ரவுண்ட்' என்று தாங்களாகவே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதைக் கரும்பலகையில் என்னால் கொண்டுவர முடிந்ததே இல்லை.

ஆனால் அந்த 'மை' இருக்கிறதே, அதுதான் இன்றுவரை தீராத எரிச்சல். 'மை புக்' என்பதில் வரும் 'மை' நம் பள்ளிகளில் பொசஸிவ் அட்ஜெக்டிவ். ஆப் அதைப் புரோநவுன் என்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்தால் டிட்டர்மினர். 'டு கோ' என்பதில் வரும் 'டு'வுக்கோ பார்ட்டிகிள் என்று பள்ளிப் பட்டியலிலேயே இல்லாத ஒரு பெயர். எதுவும் தப்பில்லை, கணக்குதான் வேறு. பள்ளியில் எட்டு வகை, கணினிக்காரர்கள் பல மொழிகளுக்கும் பொதுவாக வைத்திருக்கும் யுனிவர்சல் டிபெண்டென்சீஸ் முறையில் 17, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சொல்லுக்குச் சொல் வகை குறித்து வைத்த பென் ட்ரீபேங்க் என்ற ஆங்கில வாக்கியத் தொகுப்பில் 36. எந்தக் கணக்கில் நிறம் பூசுகிறோம் என்று ஒரு வரி போடக்கூடாதா? பள்ளி முறை என்று ஒரு பொத்தான் வையுங்கள் என எழுதிப் போட்டேன், நன்றி என்று ஒரு பதில் வந்தது, பொத்தான் வரவில்லை. அரையாண்டில் ஒரு பெண் 'மை'க்குப் புரோநவுன் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, அவளுக்கு என்ன சமாதானம் சொல்வது?

நான் சந்தாவைப் புதுப்பிக்கத்தான் போகிறேன், அந்த 'பேக்' பாடத்துக்காகவே கொடுக்கலாம். தோழியிடம் மட்டும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து இது பள்ளிக்கு, இது ஆப்புக்கு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அது குழப்பத்தைத்தான் தரும். அதற்குப் பதில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி வாங்கிக் கொடுக்கலாம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி ஆங்கிலம் தாய்மொழி இல்லாத பிள்ளைகளின் தடுமாற்றம் தெரிந்து தொகுத்தது, 1942இல் முதலில் வந்ததே அங்கேதான். அதிலும் 'மை' டிட்டர்மினர்தான், சரி, ஆனால் ஒவ்வொரு வகைக்கும் கீழே உதாரண வாக்கியம் இருக்கிறது, பையன் படித்துப் பார்த்துத் தானே யோசிப்பான். ஆப் வேண்டுமென்றால் மே மாத விடுமுறையில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிக்கொள்ளலாம்.