ஆள் மாறாட்டம்: இரண்டு ஹிட்ச்காக் படங்கள்

இரண்டுமே ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் இயக்கியவை. செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொள்ளும் அப்பாவிதான் இரண்டிலும் நாயகன். 1935-இல் வந்த 'தி 39 ஸ்டெப்ஸ்' நாயகன் ஓடிக்கொண்டே இருக்கும் படம். கொலைப்பழியோடு ஸ்காட்லாந்துக்குத் தப்பும் ஹானே ஒரு கூட்டத்துக்குள் நுழைய, பேச வந்த பேச்சாளர் என்று நினைத்து மேடையேற்றிவிடுகிறார்கள். அவரும் வெளுத்து வாங்குகிறார், கைதட்டல் வேறு! லாஜிக் பார்க்கக் கூடாது.

1956-இல் வந்த 'தி ராங் மேன்' நேர் எதிர். உண்மைச் சம்பவம், சிரிப்புக்கு இடமே இல்லை. நாயகனாக நடிக்கும் ஹென்றி ஃபோண்டா, ஒரு கிளப்பில் டபுள் பாஸ் என்ற இசைக்கருவியை வாசிக்கும் சாதுவான குடும்பஸ்தர். கொள்ளைக்காரன் என்று சந்தேகப்பட்டு இவரைப் பிடிக்கிறார்கள். உண்மையான கொள்ளைக்காரன் நீட்டிய சீட்டின் வாசகத்தை போலீஸ் சொல்லச்சொல்ல எழுதுகிறார். சீட்டில் இருந்த அதே எழுத்துப்பிழை இவர் கையிலும் வந்து விழுகிறது. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, மரியாதையாகவே பேசுகிறார்கள். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பிற்பாதியில் மனைவியின் மனம் உடைவதைத் தாங்குவது இன்னும் கஷ்டம்.

விறுவிறுப்பு வேண்டுமென்றால் முதலாவது. இரண்டும் கறுப்பு வெள்ளைதான், ஆனால் அதன் அழகு கூடியதும் எனக்குப் பிடித்ததும் இரண்டாவதுதான், மெதுவாக நகர்ந்தாலும். ராத்திரி தனியாகப் பார்க்க வேண்டாம்.