நாலுக்கு அஞ்சு: ஒரு மரக் கேமராவோடு ஆறு வருடம்

ஆறு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடக்கு மரக் கேமரா. 4×5 அங்குல ஷீட் ஃபிலிம், அதாவது ஒரு படத்துக்கு ஒரு தனித் தாளாக வரும் ஃபிலிம், போடுவது. கூடவே 150 எம்எம் லென்ஸ் ஒன்று, பிறகு ஆட்களை எடுக்க 210 எம்எம் ஒன்று, ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைக்கும் ஹோல்டர்கள் பத்து. இத்தனை வருடத்தில் எடுத்தது நானூறு ஷீட்டைத் தாண்டாது. ஒரு கல்யாண ரிசப்ஷனில் சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்குள் இதைவிட அதிகம் கிளிக் செய்துவிடுவார்கள்.

“எவ்வளவு ஷார்ப்பா வரும்?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சாதாரண 35 எம்எம் ஃபிலிமைவிடப் பரப்பில் சுமார் 13 மடங்கு பெரியது, ஷார்ப்பாகத்தான் வரும். ஆனால் அதற்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். நல்ல டிஜிட்டல் கேமராவில் நாலைந்து படம் எடுத்து ஒட்டினால் அந்த நுணுக்கம் கிடைத்துவிடும். என்னை இதில் பிடித்து வைத்திருப்பது பின்பக்கம் இருக்கும் கிரவுண்ட் கிளாஸ், லென்ஸ் காட்டும் காட்சி விழும் மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை அரை நிமிடம் சும்மா இருந்தால், தெரு மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். தலைகீழாக, வலம் இடமாக. சைக்கிள்காரர் ஒருவர் மேல் விளிம்பில் தொங்கியபடி எதிர்த்திசையில் போவார். அதை இன்றும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

அப்புறம் வருவது வேலை. ஃபோகஸ் பார்த்ததும் ஷட்டரை மூட வேண்டும், லென்ஸ் துவாரமான அபெர்ச்சரைக் குறைக்க வேண்டும், ஷட்டரைக் கொக்கி இழுத்து வைக்க வேண்டும், ஹோல்டரைச் சொருக வேண்டும், ஃபிலிமை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவ வேண்டும். வரிசையில் ஒன்று தவறினாலும் ஷீட் போச்சு. என் முதல் இருபது ஷீட்டில் ஏழு பாழானது ஒரே காரணத்தால்: ஷட்டரை மூடாமலே ஸ்லைடை உருவிவிட்டேன். ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுக்காத ஃபிலிம், கறுப்புப் பக்கம் என்றால் எடுத்தாயிற்று. திருப்பிப் போட மறந்து ஒரே ஷீட்டில் தேர் நிலையையும் டீக்கடையையும் எடுத்திருக்கிறேன். இரண்டும் கலந்து எதிர்பாராத அழகோடு வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை.

ஃபிலிம் ஏற்றுவது முழு இருட்டில். நெட்டுவாக்கில் வலது கையில் பிடிக்கும்போது மேல் ஓரத்து வெட்டுக்குறிகள் ஆள்காட்டி விரல் நுனியில் பட்டால், எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சுப் பக்கம், நம்மைப் பார்த்து இருக்கிறது என்று அர்த்தம். இது ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. கைவராதது வியர்வை. சென்னையில் மே மாதம், ஃபிலிம் ஏற்றும் இருட்டுப் பையான சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டால் பத்து நிமிடத்தில் உள்ளே மழைக்காலம். விரல் ரேகை பதிந்த நெகட்டிவ் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். இப்போது ஜன்னலை அடைத்த படுக்கையறையில், இரவு பதினோரு மணிக்கு மேல் ஏசி போட்டுத்தான் ஏற்றுகிறேன்.

கழுவுவதும் அதே கதை. எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கழுவ, 20 டிகிரியில் 13 நிமிடம். எங்கள் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் 20 டிகிரியைக் கண்டதே இல்லை. ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாளியில் மிதக்கவிட்டு 24 வரை இறக்குவேன், நேரத்தை 9 நிமிடமாகக் குறைப்பேன். டெவலப்பரைக் குளிர்வித்துவிட்டுக் கடைசியில் அலசும் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால்தான் எமல்ஷன் தாங்கும்.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் படம் எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி 19 அடி நீளப் படமாக்கினார். நான் ஐஸுக்கு அழுகிறேன்.

கோபுரம் எடுக்க இந்தக் கேமராவுக்கு ஈடில்லை. கோபுரமே மேலே போகப் போகக் குறுகுவது. சாதாரண கேமராவை அண்ணாந்து பிடித்தால் இன்னும் குறுகி, பின்னால் சாய்ந்து விழப்போவது போலாகிவிடும். இதில் கேமராவை நேராக நிறுத்தி, முன்னால் லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்கினால் போதும். கலசம் உள்ளே வந்துவிடும், கோபுரமும் கட்டியவர் நினைத்தபடி நிற்கும். மண்டபத்து இருட்டு வேறு விதம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் 10 விநாடி என்றால் எச்பி5-க்கு 20 விநாடி கொடுக்க வேண்டும். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும்.

மூன்றாம் வருடம் எல்லாப் படத்திலும் ஆகாயத்தில் ஒரே இடத்தில் கறை வந்தது. லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் துருத்தியின் மடிப்பில் ஊசித் துளை. இருட்டறையில் உள்ளே டார்ச்சை விட்டுப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி நாலு. கறுப்புத் துணிப் பெயிண்ட் ஒரு வருடம் தாங்கியது, பிறகு புதுத் துருத்தி. விமான நிலையம் ஒன்றில் ஃபிலிம் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தால் உள்ளே இருக்கும் எல்லாம் வீண் என்று இருபது நிமிடம் விளக்கினேன். திறந்தார்கள். அன்றிலிருந்து ரயில்தான்.

போன பொங்கலுக்குப் பெரியம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன். 210 லென்ஸ், அபெர்ச்சர் எட்டு. கண் தெளிந்தால் காதுத் தோடு மங்கும், அவ்வளவு கம்மி ஆழம். நான் ஹோல்டரைச் சொருகுவதற்குள் இரண்டு விரற்கடை முன்னால் வந்துவிடுவார். “இன்னும் எடுக்கலையாடா?” என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் முதுகுக்குப் பின்னால் தூண் படும்படி உட்கார்த்தினேன்.

எடுத்து முடித்ததும், “நீ உள்ள என்னத்தத்தான் பாக்குற?” என்றார். தம்பி மகனை அவர் இடத்தில் உட்கார வைத்து, பெரியம்மாவைத் துணிக்குள் விட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “குளத்துல பாக்குற மாதிரி இருக்குடா. இப்படியே போட்டுக் குடுக்க முடியாதா?” என்றார். முடியாது என்றேன். நெகட்டிவைக் காகிதத்தின் மேல் வைத்து அதே அளவில் போடும் காண்டாக்ட் பிரிண்டாகத்தான் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு தரம் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் இன்னும் பதினோரு ஷீட் இருக்கிறது. ஐஸ் டிரேக்கு இடமில்லை, பெட்டியை எடு என்று வீட்டில் நச்சரிப்பு. அந்த ஐஸும் இதற்குத்தான் என்று நான் இன்னும் சொல்லவில்லை.